நிலத்துக்குத்தான் விலை, வீடு இனாம்

கேள்வி: நானும் என் கணவரும் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சென்னையில் வசிக்கிறோம். மயிலாடுதுறைக்கு அருகே ஒரு கிராமத்தில், 1958-ல் கட்டிய வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தெருவில் 36 அடி அகலம். கொல்லை வாய்க்கால் வரை 339 அடி நீளம். பத்திரத்தில் 84¾ குழி என்று இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கிணறு, மாட்டுக்கொட்டகை, தென்னை மரங்கள் எல்லாம் உண்டு. கூரை தேக்குக் கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ். குழி 1 லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். "நிலத்துக்குத்தான் விலை, வீடு இனாம்" என்கிறார் தரகர். பட்டாவில் 1,012 சதுர மீட்டர் என்று உள்ளது. விற்பவர் காலமான உரிமையாளரின் மூத்த மகன். தம்பி வெளிநாட்டில் இருக்கிறார். சகோதரிகள் இருவரும் "எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்கிறார். வாங்கலாமா? வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? இரண்டாங்கட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் புளியமரத்தை வெட்டிவிடலாமா?

— ஒரு வாசகி, சென்னை

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

கட்டடப் பொறியாளராகவும் சொத்து மதிப்பீட்டாளராகவும் காவிரிப் படுகையில் பல ஆண்டுகள் பழைய வீடுகளைப் பார்த்துவந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தரகர் சொன்ன வாக்கியத்தின் இரண்டு பாதிகளும் தவறு. கேட்கும் விலை அந்த நிலம் முழுவதற்கும் பொருந்தாது. அந்த வீடும் இனாமாக வராது. அதன் செலவோ வரவோ உங்கள் கணக்கில் வந்தே தீரும். ஆகவே நிலத்தைத் தனியாகவும் வீட்டைத் தனியாகவும் மதிப்பிட்டுவிட்டு, அதன் பிறகே இரண்டையும் சேர்த்து ஒரு தொகைக்கு வர வேண்டும்.

முதலில் நிலம். தஞ்சைப் பகுதிக் கணக்கில் ஒரு குழி என்பது 144 சதுர அடி. 84¾ குழி என்றால் 12,204 சதுர அடி; அதாவது ஏறக்குறைய 1,134 சதுர மீட்டர். பட்டாவிலோ 1,012 தான் இருக்கிறது. இடையில் காணாமல் போன 122 சதுர மீட்டர் ஏறத்தாழ 3 சென்ட். குழிக் கணக்கில் 9 குழிக்குச் சற்று மேல். அவர்கள் கேட்கும் விலையில் 9 லட்சம் ரூபாய். இந்த வேறுபாட்டுக்கு விடை தெரியாமல் ஒரு ரூபாய் கூட அச்சாரம் கொடுக்காதீர்கள்.

நம் ஊர்களில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். வீடு நிற்கும் முன்பகுதி நத்தத்திலும் (ஊர்க் குடியிருப்பு நிலம்), பின்னாலுள்ள கொல்லை வேறொரு புல எண்ணில் புஞ்சையாகவோ தோப்பாகவோ இருப்பது முதலாவது. ஒரே வேலிக்குள் இருப்பதால் ஒரே சொத்து என்று குடும்பத்தாரே நம்பிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கையில் உள்ள பட்டா அவற்றில் ஒன்றை விட்டிருக்கக்கூடும். அப்படியென்றால் விடுபட்ட எண்ணுக்கும் விற்பவர் குடும்பத்தின் பெயரில் பட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இருந்தால் சிக்கல் பெரிதன்று. இரண்டாவது காரணம் கவலைக்குரியது. கொல்லைக் கோடியில் வேலி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வாய்க்கால் கரையையும் வளைத்துக்கொண்டிருக்கலாம். வாய்க்கால் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. அதில் 60 ஆண்டு தேங்காய் பறித்திருந்தாலும் அது உங்களுக்கு விற்கத்தக்க சொத்து ஆகாது. தாசில்தார் அலுவலகத்தில், நிலத்தின் வகையைப் புல எண் வாரியாகக் காட்டும் 'அ' பதிவேட்டின் நகலையும், எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட நகலையும் வாங்கி, கட்டணம் செலுத்தி அரசு நில அளவரை வரவழைத்து, எதிர்வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரர் முன்னிலையில் அளந்து கல் நடச் சொல்லுங்கள். அகலத்தைத் தெருவில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. இத்தகைய நீள மனைகள் பின்னால் போகப் போக ஓரிரு அடி குறுகுவது வழக்கம் என்பதால், முற்றத்தருகே, கிணற்றடியில், கொல்லைக் கோடியில் என்று நான்கு இடங்களிலாவது அளக்க வேண்டும். 339 அடி நீளத்தில் சராசரியாக ஓர் அடி குறைந்தாலே 2¼ குழிக்கு மேல் போய்விடும்.

உரிமை பற்றிய முடிவை வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வமான கருத்துரைதான் சொல்ல வேண்டும். நான் தொட்டுக்காட்ட வேண்டியவை சில. வில்லங்கத்தை இணையத்தில் 1975 முதல் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீடு அதற்கும் 17 ஆண்டு மூத்தது என்பதால், அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பழைய பத்திரத்தில் இந்த ஊர் 'தஞ்சாவூர் ஜில்லா, மாயூரம் தாலுகா' என்று இருக்கும். 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 2020-ல் மயிலாடுதுறை மாவட்டம் ஆயிற்று. ஊர்ப் பெயரையும் புல எண்ணையும் பழையதும் புதியதுமாகக் குறிப்பிட்டுத் தேடாவிட்டால் 'வில்லங்கம் ஏதுமில்லை' என்ற சான்று வரும். அதற்குப் பொருள், தவறான இடத்தில் தேடினார்கள் என்பதுதான்.

இன்னொன்று, அடிமனை. கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் நிலம் மிகுந்த பகுதி அது. நிலம் கோயிலுடையதாகவும் அதன் மேல் உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையதாகவும் உள்ள தெருக்கள் பல உண்டு. கோயில் நிலமாகப் பதிவேட்டில் இருந்தால் சார்பதிவாளர் பத்திரத்தைப் பதியமாட்டார் என்பது பின்னால்தான் தெரியவரும்; அதற்குள் அச்சாரம் போய்விட்டிருக்கும். மூலப் பத்திரத்தில் 'அடிமனை', 'மனை வாடகை', அல்லது அந்த வாடகை என்ற பொருளில் 'பகுதி' போன்ற சொற்கள் எங்கேனும் வந்தால் அங்கேயே நின்று விசாரியுங்கள்.

சகோதரிகள் "எழுதிக் கொடுத்தது" எந்தத் தாளில் என்று கேளுங்கள். அசையாச் சொத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கி அலமாரியில் வைத்திருப்பது உங்களைக் காப்பாற்றாது. என் யோசனை எளிது: தாயார் இருந்தால் அவரும், பிள்ளைகள் நால்வரும், வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் நேரடியாகக் கையெழுத்திடட்டும். வெளிநாட்டுத் தம்பி அதிகாரப் பத்திரம் அனுப்புவதானால் அது அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், அவருடைய பங்குக்கு நீங்கள் பிடித்தம் செய்ய வேண்டிய வரி உள்ளூர்க்காரருக்கான 1 சதவீதம் அன்று. அதைவிட மிக அதிகம். பிடிக்கத் தவறினால் அந்தப் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் விழும். ஆகவே பத்திரப் பதிவுக்கு முன்பே ஒரு தணிக்கையாளரைப் பார்த்துவிடுங்கள்.

இனி வீடு. இதில்தான் என் போன்றவர்களுக்கு வேலை. உங்கள் கடிதத்தில் 'தேக்குக் கட்டை' என்ற சொல்லில் ஒரு பெருமிதம் தெரிந்தது, அது நியாயமானதும்கூட. தேக்கு உத்திரங்களின் மேல் சுமார் ஒன்றரை அடி இடைவெளியில் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் சாய்வாகக் குத்தி நிறுத்தி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு நாட்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பது மெட்ராஸ் டெரஸ். நன்றாகப் பராமரித்தால் நூறாண்டு நிற்கும். ஆனால் அதன் பலவீனம் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் இருக்கிறது: உத்திரமும் கட்டையும் சுவருக்குள் புகுந்திருக்கும் அந்த அரை அடி. மழைநீர் சுவர் வழியே இறங்கும்போது அந்த முனைதான் ஈரத்தைக் குடிக்கிறது. கரையானும் அங்கேதான் நுழைகிறது. கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாம் கம்பீரமாகத்தான் இருக்கும்.

எனவே ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையையும் நடுவிலிருந்து சுவரை நோக்கிச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்ற ஓசை சுவரருகே பொத்தென்று மாறினால் அங்கே திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். கும்பகோணத்துக்கு அருகே ஒரு வீட்டில், விற்பதற்கென்றே புதிதாக எனாமல் பெயின்ட் அடித்திருந்த உத்திரத்தில் என் திருப்புளி கைப்பிடி வரை இறங்கிவிட்டது. உள்ளே மரமே இல்லை. அன்றுமுதல், பழைய வீட்டில் புதுப் பெயின்ட்டைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. அடுத்து, கட்டையின் இரு முனைக்கும் ஒரு நூலைக் கட்டி நடுவில் தொய்வை அளவெடுங்கள். 12 அடிக் கட்டையில் அரை அங்குலத்துக்கு மேல் தொய்வு இருந்தால் மேலே என்ன பாரம் ஏறியிருக்கிறது என்று மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒழுகும்போதெல்லாம் பழைய தளத்தைக் கொத்தாமல் அதன் மேலேயே சிமென்ட் கலவை போடுவது நம்மவர் வழக்கம். 10 அடிக்கு 10 அடி அறையின் மேல் ஓர் அங்குலக் கலவை என்பது ஏறத்தாழ அரை டன் எடை. இப்படி மூன்று முறை போட்டிருந்தால், அந்தக் கட்டைகள் யாரும் கணக்கிடாத ஒன்றரை டன்னைச் சுமந்துகொண்டிருக்கின்றன. மாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஒரு தட்டோட்டை மட்டும் பெயர்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதையும் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சுவர்களைப் பொறுத்தவரை, அவை சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவையா, மேலே சுண்ணாம்பு பூசிய மண் சாந்தா என்பது முதல் கேள்வி. மாட்டுக்கொட்டகைப் பக்கம் பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில் செங்கல் இணைப்பைச் சாவியால் சுரண்டிப் பார்த்தால் போதும். மண்ணாக இருந்தால் மாடி எழுப்பும் எண்ணத்தை அன்றே கைவிட்டுவிட வேண்டும். இரண்டாவது, ஈரம். இந்த வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படலம் பெரும்பாலும் கிடையாது. சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சினாலும் அதைத் தன் பரப்பு வழியே காற்றில் விட்டுவிடும். சுவரின் மூச்சு அது. அதன் மேல் சிமென்ட் பூசி டிஸ்டம்பரும் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே மேலே ஏறி, கட்டை முனைகள் வரை போய்ச் சேரும். இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் பூச்சும், அதற்குச் சற்று மேலே உப்புப் பூத்த வெண்மையும் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்து மீண்டும் சுண்ணாம்பு பூசினால் சரியாகும். ஆனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு, கூலியும் நாட்களும் அதிகம் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விரிசல்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை அசைகின்றனவா என்பதே முக்கியம். படுகை மண் பெரும்பாலும் களி. கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். வாசல் அல்லது சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டுப் போல ஏறும் விரிசல் அடித்தளம் ஏறி இறங்குவதைக் காட்டுகிறது. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டித் தேதி எழுதி வைத்தால், அசையும் சுவர் அதை உடைத்துவிடும். பேச்சுவார்த்தை நடக்கும் இரண்டு மூன்று மாதங்களில் இதைச் செய்துவிடலாம். செலவு எதுவும் இல்லை.

தெருவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் பலரும் மறந்துவிடும் ஒன்று பொதுச்சுவர். பக்கத்து வீட்டின் கட்டைகள் உங்கள் சுவரில் உட்கார்ந்திருக்கலாம். உங்களுடையவை அவர்கள் சுவரில் இருக்கலாம். பின்னாளில் இடித்துக் கட்டலாம் என்று நினைத்தால் உங்களுக்கு இது உயிர்நாடியான செய்தி, ஏனென்றால் அந்தச் சுவரை நீங்கள் தனியாக இடிக்க முடியாது. பத்திரத்தில் சுவர் யாருடையது என்று எழுதியிருக்கும். எழுதாவிட்டால் பக்கத்து வீட்டாரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மின்கம்பியமைப்பை ஆராயவே வேண்டாம்; மரச்சட்டத்தில் ஓடும் பழைய ரப்பர் உறைக் கம்பிகளாகத்தான் இருக்கும், நில இணைப்பும் இருக்காது. முழுவதும் மாற்றியாக வேண்டும் என்று தொகையில் எழுதிக்கொள்ளுங்கள். கழிவுத்தொட்டி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய மனையில் பக்கத்து வீட்டுத் தொட்டியும் உங்கள் கிணற்றுக்கு அருகில் இருக்கலாம். கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்ல குடிநீர். 2,000-ஐத் தாண்டினால் அது தென்னைக்குத்தான்.

ஒரு வீட்டை இரண்டு முறை பார்க்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் கிணறு நிரம்பி எல்லாருக்கும் நல்லபிள்ளையாகிவிடும். ஆகவே மே மாதத்தில் ஒருமுறை போய் ஊற்று எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதன்பின் ஐப்பசி கார்த்திகையில், நான்கு நாள் அடைமழைக்குப் பிறகு போய், முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக எவ்வளவு நேரத்தில் வடிகிறது, கொல்லை முழங்கால் அளவு நிற்கிறதா, எந்தக் கட்டையின் ஓரத்தில் ஈரக்கறை புதிதாக இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு நாள் எந்தப் பொறியாளரின் அறிக்கையைவிடவும் அதிகம் சொல்லும்.

இப்போது விலை. 36 அடி முகப்பும் 339 அடி நீளமும் உள்ள மனையில் வாசலடிக் குழியும் வாய்க்காலடிக் குழியும் ஒரே விலை பெறா. கொல்லைக்கு வண்டி போக வழியில்லை. அதைத் தனி மனையாகப் பிரித்து விற்கவும் பாதை வேண்டும், அனுமதி வேண்டும். மதிப்பீட்டாளர்கள் இத்தகைய நிலத்தைப் பட்டைகளாகப் பிரிப்போம்: தெருவை ஒட்டிய முதல் பட்டைக்கு முழு விலை, அதைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள இரண்டாவது பட்டைக்கு மூன்றில் இரண்டு பங்கு, எஞ்சியதற்குப் பாதி. வீடு நிற்கும் முதல் 100 அடியை முதல் பட்டையாகக் கொண்டால் 25 குழி. அடுத்த 150 அடியில் 37½ குழி, மதிப்பில் 25. பத்திரத்தின்படி மிச்சம் 22¼ குழி, மதிப்பில் ஏறத்தாழ 11. மொத்தம் 61 குழியின் விலைதான். பட்டாவில் உள்ள 1,012 சதுர மீட்டர் மட்டுமே உண்மை என்று தெரிந்தால் அது 56½ குழியாகக் குறையும். அதாவது முகப்பின் விலை குழிக்கு 1 லட்சம் என்பதை ஏற்றுக்கொண்டாலும், அவர்கள் கேட்கும் 84¾ லட்சத்துக்கு எதிரே நிலத்தின் மதிப்பு 56½ முதல் 61 லட்சம் வரைதான். அந்த 1 லட்சமே சரியா என்பதை அதே தெருவில் அண்மையில் பதிவான கிரயங்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். வாய்க்கால் கரையில் வண்டிப்பாதை இருந்து, கொல்லைப்புறத்துக்கும் ஒரு வாசல் கிடைக்குமானால் இந்தக் கணக்கு விற்பவர் பக்கம் சாயும். அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

வீட்டை இதனுடன் கூட்டுவதா கழிப்பதா என்பது மேலே சொன்ன சோதனைகளைப் பொறுத்தது. கட்டைகள் நன்றாக இருந்தால் கூட்டுங்கள். முனைகள் அரித்திருந்தால், கூரையைப் பிரித்து மீண்டும் போடும் செலவைக் கழித்துவிடுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனி. அதை மிச்சப்படுத்தக் கட்டடத்தைக் காட்டாமல் 'காலி மனை' என்று எழுதலாம் என யாரேனும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அது குற்றம் என்பதோடு, நாளை அந்த வீடு உங்களுடையது என்று காட்டவும் பத்திரம் இருக்காது.

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். அதில் நில அளவோடு கூடவே எழுதவேண்டிய ஒன்று, வீட்டோடு வரும் பொருள்களின் பட்டியல். சித்திர வேலைப்பாடுள்ள நிலைவாசல், கூடத்துத் தூண்கள், ஊஞ்சல் பலகையும் சங்கிலியும், முற்றத்துக் கம்பி வலை, இவை ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட நாட்களில் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். படம் எடுத்து எண்ணிக்கையோடு இணைத்துவிடுங்கள்.

கடைசியாகப் புளியமரம். களிமண்ணில் நிற்கும் பெரிய மரம் ஆண்டு முழுவதும் அடித்தளத்தருகே உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். வீட்டைவிட இளைய மரம் என்றால், அது வளர வளர மண் சுருங்கிச் சுவர் இறங்கியிருக்கும். வெட்டினால் மண் பழைய நிலைக்குத் திரும்பும், விரிசல் ஓரளவு மூடிக்கொள்ளும். வீட்டைவிட மூத்த மரம் என்றால் நிலைமை தலைகீழ்: மரம் உலர்த்தி வைத்திருந்த மண்ணின் மேல்தான் 1958-ல் சுவர் எழுந்திருக்கிறது, அதை வெட்டினால் மண் ஈரம் குடித்து உப்பிச் சுவரைத் தூக்கும். அப்போது வெட்டாமல் ஆண்டுதோறும் கிளையைக் கழித்துச் சிறிதாக வைத்திருப்பதே நல்லது. மரம் மூத்ததா வீடு மூத்ததா என்று எதிர்வீட்டுத் திண்ணையில் இருக்கும் வயதானவர் யாரிடமாவது கேட்டு, இரண்டாங்கட்டு விரிசலின் படத்தோடு எனக்கு எழுதுங்கள். அதுவரை கோடரியை எடுக்க வேண்டாம்.